அம்மாவின் மின்னஞ்சல் மகளின் கோப்பில் சேருவது ஏன்?

உங்கள் கிளினிக்குக்கு மின்னஞ்சலில் வந்த ஓர் அம்மாவின் பயொப்சி (திசுப் பரிசோதனை) ரிப்போட் அவரது மகளின் கோப்பில் சேர்ந்துவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். மின்னஞ்சல் முகவரியை வைத்து ரிப்போட்களைத் தானாக நோயாளர் கோப்பில் சேர்க்கும் வசதியை இன்றே நிறுத்துங்கள். அம்மாவின் பயொப்சி ரிப்போட் மகளின் கோப்பில் விழுந்ததற்கு, அநேகமாக இருவருக்கும் ஒரே முகவரி பதிவாகியிருப்பதுதான் காரணம். வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் கிளினிக்கிலும் இது நடந்தது. வயதானவர்களிடம் மின்னஞ்சல் கேட்டால் பிள்ளையின் முகவரியைத்தான் தருவார்கள், நாங்களும் யோசிக்காமல் பதிந்துவிடுவோம்.

நோயாளர் பட்டியலை எக்செல்லில் எடுத்து முகவரிப்படி வரிசைப்படுத்துங்கள். ஒரே முகவரி இரண்டு தடவை வந்தால் அந்தக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். (முடிந்ததும் அந்த எக்செல்லை அழித்துவிடுங்கள், அதுவும் நோயாளர் விபரம்தான்.) இனிமேல் பெயர், பிறந்த திகதி, கிளினிக் இலக்கம் மூன்றும் ஒத்துப்போனால் மட்டும் ஒருவர் பார்த்துச் சேர்க்கட்டும்.

ஒன்று கவனம்: தவறாகச் சேர்ந்ததைச் சத்தமில்லாமல் அழிக்க வேண்டாம். யார், எப்போது, ஏன் மாற்றினார் என்ற தடம் பதிவில் இருக்க வேண்டும். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நல விபரம், கூடுதல் பாதுகாப்புள்ள விசேட வகைக்குள் வருகிறது. வரவேற்பு மேசையின் இன்பொக்ஸிலும் அதே ரிப்போட் கிடக்கும், அதையும் பாருங்கள்.

மகள் அதைப் பார்த்திருந்தால் டொக்டரிடம் சொல்லி, அம்மாவிடம் நேரிலேயே தெரிவியுங்கள். அம்மா இதை இன்னும் வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கலாம்.