யாருக்கும் தெரியாமல் பிடித்த குடை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நேற்று மகளோடு ‘வால்-இ’ அனிமேஷன் படம் பார்த்தேன். முடிவில், குப்பை அள்ளும் ரோபோவான வால்-இ, தான் நேசிக்கும் ஈவா என்ற ரோபோவை மறந்துபோகும் இடத்தில் மகள் தேம்பி அழுதுவிட்டாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இயந்திரத்துக்கு ஏது மனசு? இல்லாத ஒன்றைக் காட்டிக் குழந்தைகளை அழவைப்பது ஏமாற்று இல்லையா?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் மகள் சரியான இடத்தில்தான் அழுதிருக்கிறாள்.

பிக்ஸாருக்காக ஆண்ட்ரூ ஸ்டான்டன் இயக்கி 2008இல் வந்த படம் அது. வால்-இக்கு வாயில்லை, புருவமில்லை. இருப்பது பைனாகுலர் போன்ற இரண்டு கண்கள். பேஸ்பால் ஆட்டம் பார்க்கப் போன இடத்தில் கையிலிருந்த பைனாகுலரை மடக்கியும் நிமிர்த்தியும் பார்த்தபோதுதான் ஸ்டான்டனுக்கு அந்தக் கண்கள் கிடைத்தன. பேச்சும் ஏறக்குறைய பெயர்களோடு சரி. ஆகவே தனக்குள் என்ன இருக்கிறது என்று வால்-இயால் சொல்லவே முடியாது. அது செய்வதை மட்டும்தான் நாம் பார்க்கிறோம். மோதிரப் பெட்டி ஒன்று கிடைக்கிறது, வைர மோதிரத்தை வீசிவிட்டுப் பெட்டியை வைத்துக்கொள்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

அப்புறம் அந்தக் குடை. பூமியில் உயிர் இருக்கிறதா என்று தேடி வந்த ஈவா, வால்-இ காட்டிய செடியைத் தனக்குள் வைத்துக்கொண்டதும் அணைந்துபோகிறாள். பார்ப்பதில்லை, கேட்பதில்லை. வால்-இ அவளை வெளியே கொண்டுபோய் வைக்கிறது, மழை வந்தால் குடை பிடிக்கிறது, மின்னல் தாக்கியும் விலகுவதில்லை. பார்க்க அங்கே யாருமே இல்லை. பிறகு மனிதர்கள் வாழும் விண்கலத்தில், தனக்குள் பதிவாகியிருந்த அந்த நாட்களை ஈவா ஓடவிட்டுப் பார்க்கிறாள். அவள் மாறுவது அங்கேதான்.

இரும்புக்கு மனசு உண்டென்று நானும் சொல்லவில்லை. ஆனால் உங்கள் மனசையும் நான் பார்த்ததில்லையே. மகள் அழுததை ஒரு நாள் கழித்தும் விடாமல் யோசித்து எழுதியிருக்கிறீர்கள், அதைக் கொண்டுதான் உங்களை அறிகிறேன்.

இனி அந்த மறதி. நசுங்கிக் கிடந்த வால்-இயை ஈவா பழுதுபார்த்து எழுப்புகிறாள். அதே கண்கள், அதே கைகள். 700 ஆண்டுகள் செய்த குப்பை நசுக்கும் வேலையும் நினைவிருக்கிறது. ஆசையாகச் சேர்த்துவைத்த பொருட்களையே குப்பையென அள்ளி நசுக்கத் தொடங்குகிறது. எல்லா பாகமும் இருந்தும் எது இல்லை என்று உங்கள் மகளுக்குத் தெரிந்துவிட்டது. இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது?

அவளோடு இன்னொரு முறை பாருங்கள். விலகப் பார்க்கும் ஈவாவின் கையை வால்-இயின் விரல்கள் விடாமல் பற்றியிருக்கும் அந்த நொடியில், திரையைப் பார்க்காமல் மகளின் முகத்தைப் பாருங்கள்.