பாலைவனத்தில் தனியாக டென்ட்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஜனவரியில் சின்ன காரில் தனியாக ஜெய்சல்மேர் போகிறேன். ரிசார்ட் கூடார வாடகை கையைக் கடிக்கிறது. மணல்மேட்டில் சொந்த டென்ட் அடித்துத் தூங்கலாமா?
- வாசகர், திருமங்கலம்

பதில்: டென்ட் அடிக்கலாம், ஆனால் மணல்மேட்டில் வேண்டாம். ஊர்க்கோடியில் அடியுங்கள். செலவும் அங்கேதான் குறைவு, ஆபத்தும் அங்கேதான் குறைவு. சம், குரி மணல்மேடுகள் பாலைவன தேசியப் பூங்கா வட்டாரத்தில் இருக்கின்றன. பூங்கா 3,162 சதுர கி.மீ.; எல்லா இடத்திலும் வேலி இருக்காது. அனுமதி இல்லாமல் அதற்குள் ராத்தங்கக் கூடாது. தனோட் கோயிலுக்குப் பகலில் போய் வரலாம். அதைத் தாண்டி பாகிஸ்தான் எல்லைப் பக்கம் போக அனுமதி வேண்டும். அந்தப் பக்கம் இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு டென்ட் கட்டினால் எல்லைப் பாதுகாப்புப் படை வந்து விசாரிக்கும்.

மாலை நாலு மணிக்கே குரி மாதிரி ஊருக்குப் போய், தங்கும் வீடு நடத்துபவரிடம் 'யஹான் டென்ட் லகா சக்தா ஹூன்?' (இங்கே டென்ட் அடிக்கலாமா?) என்று இந்தியில் கேளுங்கள். முற்றத்தில் இடம், கழிப்பறை, ராத்திரி ரொட்டி மூன்றுக்கும் சேர்த்து முதலிலேயே விலை பேசிவிடுங்கள். போக்ரான் பக்கத்து ராம்தேவ்ராவில் யாத்ரிகர்களுக்கான தர்மசாலைகள் உண்டு. நடுவில் ஒரு ராத்திரி அங்கே தங்கினால் குளியல், துணி, சார்ஜ் எல்லாம் முடிந்துவிடும்.

இடம் பார்க்கும்போது மேட்டின் உச்சியைத் தவிருங்கள், காற்று பிய்த்துவிடும். காற்று மறைவான செங்குத்துச் சரிவின் அடியில் மணல் வந்து குவியும். பள்ளத்தின் அடியில் குளிர் தேங்கும். வறண்ட ஓடைப் படுகை வேண்டவே வேண்டாம்: 2006 ஆகஸ்டில் பார்மர் மாவட்டத்துக் கவாஸ் கிராமம் வெள்ளத்தில் மூழ்கியதே, அதுவும் இதே பாலைவனம்தான்.

டென்ட்டோடு வரும் கம்பி முளை மணலில் நிற்காது. நாலைந்து உரச்சாக்குகளை மடித்து எடுத்துப் போங்கள். சாக்கில் பாதி மணல் நிரப்பி, நடுவில் கயிற்றைக் கட்டி, ஒன்றரை அடிக் குழியில் படுக்கவைத்து, மூடி மிதித்துவிடுங்கள். வாசல் காற்று வரும் பக்கம் பார்க்காமல் அதற்கு மறுபக்கம் இருக்கட்டும்.

கேள்வி: மணலில் வண்டி சிக்கினால் தனியாள் என்ன செய்வது?
- வாசகர், மேலூர்

பதில்: சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை என்றால் அந்த நொடியே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். மிதிக்க மிதிக்கக் குழி ஆழமாகும்; வண்டியின் அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிட்டால் நாலு பேர் வந்தாலும் கஷ்டம். இறங்கி, டயருக்கு முன்னும் பின்னும் அடியிலும் உள்ள மணலை வாருங்கள். கார் டயர் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள். டயர் தட்டையாகி அதிக மணலைப் பிடிக்கும். 15க்குக் கீழே போனால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். இழுவைச் சக்கரத்தின் அடியில் கோணிச்சாக்கைச் செருகி, வந்த தடத்திலேயே மெதுவாக ரிவர்ஸ் எடுங்கள். சாக்கு பறந்து அடிக்கும், சக்கரத்துக்கு நேரே யாரையும் நிற்கவிடாதீர்கள்.

தார்ச்சாலை ஏறியதும் பழைய அளவுக்குக் காற்றடியுங்கள். குறைந்த காற்றில் வேகமாக ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். 12 வோல்ட் பம்பை இன்ஜின் ஓடும்போதே போடுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும்.

பைக் என்றால் மேலே உட்கார்ந்து முறுக்காதீர்கள். ஒரு பக்கம் சாய்த்து, பின்சக்கரக் குழியை மணலால் மூடி, நிமிர்த்தி, முதல் கியரில் கூடவே நடந்து வெளியேற்றுங்கள். நம்ம ஊர் சீமைக் கருவேல முள் அங்கேயும் ஏராளம், பஞ்சர் கிட் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

எதுவும் பலிக்கவில்லையா? வண்டியை விட்டு நடக்காதீர்கள். தேடுபவர் கண்ணுக்கு ஆளைவிட வண்டிதான் சீக்கிரம் படும். எந்தப் பாதை, எத்தனை மணிக்குப் போன் செய்வேன் என்பதை வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். நேரம் தப்பினால் அவர்கள் ஜெய்சல்மேர் போலீஸைத் தொடர்புகொள்ளட்டும்.

கேள்வி: பாலைவனம்தானே, ஒரு போர்வை போதாதா? தண்ணீர் எவ்வளவு?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: போதாது. ஜனவரி ராத்திரியில் 5 டிகிரிக்கும் கீழே இறங்கலாம், கொடைக்கானல் குளிருக்கான துணி வேண்டும். ஸ்லீப்பிங் பேக்கில் 'எக்ஸ்ட்ரீம்' என்று போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குபவர்கள்தான் விடிய விடிய நடுங்குகிறார்கள். அது உயிர் தப்பும் அளவு மட்டுமே. 'கம்ஃபர்ட்' எண் 0 டிகிரியாக இருக்கட்டும். குளிர் தரையிலிருந்துதான் ஏறும். 10 மி.மீ. ஃபோம் பாயும் அதன் அடியில் பிரித்த அட்டைப்பெட்டியும் போடுங்கள். அட்டை மதுரை கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் கேட்டால் கிடைக்கும்.

டென்ட்டுக்குள் அடுப்போ கரியோ கூடவே கூடாது. எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும், அதற்கு வாசனை கிடையாது. காரில் தூங்கினால் இன்ஜினை அணைத்து, இரு பக்கக் கண்ணாடியையும் ஒரு இஞ்ச் இறக்கி வையுங்கள். விறகுக்கு வன்னி மரத்தில் கை வைக்காதீர்கள். அதைக் காக்க 1730இல் கேஜட்லியில் 363 பிஷ்னோய் மக்கள் உயிர்விட்டதாகப் போற்றும் மண் அது.

தண்ணீர் ஒரு நாளைக்குக் குடிக்க 4, சமையலுக்கும் கழுவவும் 2, ஆக 6 லிட்டர். மூன்று நாளுக்கு 18. தொடாமல் வைக்க இன்னும் 5. ஒரே கேனில் அடைக்காதீர்கள், ஒரு ஓட்டை போதும் மொத்தமும் போக.

கேள்வி: பாம்பு?
- வாசகர், சோழவந்தான்

பதில்: குளிர்காலத்தில் நடமாட்டம் குறைவு, இல்லை என்று அர்த்தமில்லை. அங்கே அதிகம் சுருட்டை விரியன். ஷூவை உதறிப் போடுங்கள், இருட்டில் டார்ச் இல்லாமல் காலை வைக்காதீர்கள். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் 108ஐ அழையுங்கள். நம் நாட்டு விஷமுறிவு மருந்துக்கான விஷம் பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பாம்புகளிடம் எடுப்பது. ராஜஸ்தான் சுருட்டைக்கு அது சரியாகக் கேட்பதில்லை என்று மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதனால் பக்கத்துச் சின்ன மருத்துவமனையோடு நிறுத்தாமல் ஜோத்பூர் போல வசதியுள்ள இடத்துக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: ஒத்திகைக்கு தனுஷ்கோடி?
- வாசகர், மானாமதுரை

பதில்: இருட்டிய பிறகு அங்கே தங்க விடமாட்டார்கள். தேரிக்காடும் காப்புக்காடு, வனத்துறை அனுமதி வேண்டும். சொந்தக்காரர் தோட்டத்தில் ராத்திரி ஹெட்லைட்டை அணைத்துவிட்டு டென்ட்டைக் கட்டிப் பாருங்கள். ஒரு டயரை 18க்கு இறக்கி, உங்கள் பம்பு 32க்கு ஏற்ற எத்தனை நிமிஷம் எடுக்கிறது என்று பாருங்கள். நாலு டயருக்கும் சூடாகி நிற்காமல் ஓடுகிற பம்பாக இருந்தால் சரி, இல்லையென்றால் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள்.