கரிம வரி 45 வெள்ளி: கேளுங்க, கணக்கோட சொல்றேன்

சிங்கப்பூரில் கரியமில வாயு வெளியேற்றத்துக்குப் பெரிய ஆலைகளும் மின்நிலையங்களும் கட்டுவது கரிம வரி. அது 2026-இல் டன்னுக்கு 25 வெள்ளியிலிருந்து 45 ஆனது பற்றி வந்த கேள்விகள், கேட்டவரின் வட்டாரப் பெயரோடு.

ஈசூன்: அண்ணே, நாலறை வீட்டுக்கு பில் எவ்வளவு ஏறும்?

கேஸ் எரித்து ஒரு யூனிட் கரண்ட் எடுக்க சுமார் 0.4 கிலோ கரியமில வாயு வெளியேறும். கூடியது டன்னுக்கு 20 வெள்ளி. ஆக யூனிட்டுக்கு 0.8 காசு. மாதம் 400 யூனிட் ஓடினால் 3 வெள்ளி 20 காசு, அதன்மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. மின்நிலையம் வரி முழுவதையும் விலையில் ஏற்றினால் இப்படி. ஒரு எச்சரிக்கை: இங்கே டன் என்பது கரியமில வாயு டன், கார்பன் டன் அல்ல. கார்பன் டன்னுக்கு விலை சொல்லும் கட்டுரையை வாசித்தால் 3.67-ஆல் வகுத்துக்கொள்ளுங்க.

தெம்பனிஸ்: பெட்ரோலுக்கும் உண்டா?

இல்லை. அதற்குத் தனித் தீர்வை இருக்கு, உயர்ரகத்துக்கு லிட்டருக்கு 79 காசு. லிட்டர் எரிந்தால் 2.3 கிலோ, கரிம வரி போட்டாலும் பத்துக் காசுதான் வரும்.

துவாஸ்: லாண்டரி நடத்துறோம், மாதம் 30,000 யூனிட். 25,000 டன் வரம்பு எங்களைத் தொடுமா?

தொடாது. அந்த வரம்பு ஆண்டுக்கணக்கு, அந்த அளவு வெளியேற்றம் உள்ள வளாகம்தான் வரி கட்டணும். உங்க வளாகத்திலேயே எரிவதும் கசிவதும் மட்டும் சேரும். வாங்கும் கரண்டைச் சேர்க்காதீங்க, அதுக்கு மின்நிலையம் கட்டிவிட்டது. பலரும் தப்புப் பண்ணும் இடம் இதுதான். பாய்லர் இருந்தால் அதன் எரிபொருளைக் கணக்கெடுங்க: 2,000 டன் தாண்டினால் வரி இல்லாவிட்டாலும் அறிக்கை தரணும். கரண்ட் பில்லில் மாதம் 240 வெள்ளி கூடும்.

பொங்கோல்: ஐந்தறை வீட்டுக்கு?

மேலே பாருங்க. யூனிட்டை 0.8 காசால் பெருக்குங்க.

ஜூரோங் வெஸ்ட்: ஜூரோங் தீவு ஆலைகளுக்குச் சலுகை, நமக்கு மட்டும் பில்லா?

ஏற்றுமதிச் சந்தையில் மோதும் ஆலைகளுக்கு ஒரு பகுதிக்கு விலக்கு உண்டு. செயல்திறன் அளவுகோலையும், புகையைக் குறைக்கும் திட்டத்தையும் பார்த்துத்தான் தருவாங்க. முழு வரி போட்டால் ஆலை வரியில்லாத நாட்டுக்குப் போகும், அதே புகை அங்கே வரும். விலக்கு போக மீதி டன்னுக்கு முழு 45 வெள்ளி.

ஜூரோங் வெஸ்ட்: போயிடுவோம்னு எல்லாக் கம்பெனியும் மிரட்டலாமே?

மிரட்டலாம்தான், அங்கே உங்க பக்கம் நியாயம் இருக்கு. விலக்கு ஆண்டுக்காண்டு சுருங்காவிட்டால் வரி பல்லில்லாத பாம்பு. ஆனா ஆலைகள் "ஒரு காசும் கட்டலை" என்று நினைத்தால் தப்பு.

உட்லண்ட்ஸ்: மரம் நட்ட சான்றிதழ் வாங்கிக் கழிக்கலாமா?

வரிக்குரிய அளவில் 5 விழுக்காடு வரைக்கும்தான். சிங்கப்பூருடன் ஒப்பந்தம் உள்ள நாட்டிலிருந்து வரணும். பப்புவா நியூ கினி முதலாவது. குறைப்பு 2021-க்கும் 2030-க்கும் இடையே நடந்திருக்கணும். மலிவா கிடைக்கும் பழைய சான்றிதழ் செல்லாது. டன்னும் கரியமில வாயு டன்தான், மறுபடி சொல்றேன்.

செங்காங்: மூவறை வீட்டுக்கு எவ்வளவு அண்ணே?

0.8 காசு. பெருக்குங்க.