ஆறு மணிக்கு முன்னால் ஒரு பொறை

கேள்வி: அப்பா இறந்து 24 நாள் ஆகிறது. அவர் வளர்த்த நாட்டு நாய் கருப்பனுக்கு 7 வயது. தினமும் சாயங்காலம் டீக்கடைக்குப் போய்விட்டு டி.வி.எஸ். 50-இல் திரும்பும்போது அதற்கு இரண்டு பொறை வாங்கி வருவார். இப்போதும் ஆறு மணியானால் கேட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறது. ஒன்பது மணி வரை அசைவதில்லை. வைக்கிற சோற்றில் பாதிதான் சாப்பிடுகிறது. ராத்திரியில் ஊளையிடுகிறது. 'இன்னொரு சாவு விழும்' என்று தெருவில் பயமுறுத்துகிறார்கள். சித்தப்பா, தன் தோப்பில் கொண்டுபோய் விடலாம் என்கிறார். அம்மா இதுவரை அதைத் தொட்டதுகூட இல்லை. நான் மாதக் கடைசியில் சென்னைக்கு வேலைக்குத் திரும்ப வேண்டும். என்ன செய்வது?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: முதலில் அந்தத் தோப்பு யோசனையைத் தள்ளிவையுங்கள். சித்தப்பா நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் கருப்பனுக்கு இப்போது போயிருப்பது ஆள் மட்டும்தான். வாசல், தெரு, உங்கள் அம்மாவின் குரல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. தோப்புக்குப் போனால் அவையும் போய்விடும். ஜப்பானின் ஹச்சிகோ கதை இந்நேரம் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்திருக்கும். 1925இல் எஜமானரான பேராசிரியர் இறந்த பிறகு, 1935இல் தான் சாகும்வரை ஷிபுயா ரயில் நிலையத்தில் காத்திருந்த நாய். காத்திருந்ததை மட்டும்தான் சொல்வார்கள். அவர் போனதும் அதை வேறு வேறு வீடுகளுக்குக் கொடுத்ததையும், அது தப்பித்து ஷிபுயாவுக்கே ஓடி வந்ததையும், கடைசியில் அவருடைய பழைய தோட்டக்காரர் வீட்டில் ஒண்டிக்கொண்டதையும் விட்டுவிடுவார்கள்.

அடுத்தது, பாதிச் சோறு. துக்கத்தில் நாய்க்குப் பசி குறையும், உண்மைதான். ஆனால் 'ஏக்கத்தில் சாப்பிடவில்லை' என்று வீட்டார் பத்து நாள் விட்டுவிட்டுக் கொண்டுவந்த நாய்களை என் மேஜையில் பார்த்திருக்கிறேன். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துக் கிடக்கும். உண்ணிக் காய்ச்சல். நம் ஊர் வெயிலுக்கு உண்ணி வருஷம் முழுக்க இருக்கும்; சாவு வீட்டுக் களேபரத்தில் நாயின் காதுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்? நாளைக்கே காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் பாருங்கள். நீங்கள் ஊருக்குக் கிளம்பும் முன் கால்நடை மருத்துவமனையில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஒரு நாள் முழுக்க எதையுமே தொடாமல் கிடந்தால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். வீட்டில் இருக்கிற காய்ச்சல் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். சாப்பிட வைப்பதற்காகக் கறிக்குழம்பு ஊற்றுவதும் வேண்டாம், வெங்காயம் நாய்க்கு ஆகாது.

சரி, ஆறு மணிக்கு வருவோம். இதில் நான் கவலைப்படுவது உங்களைப் பற்றித்தான். இந்த ஒரு வாரம் நீங்களே சோறு வைத்து, நீங்களே தடவிக்கொடுத்து, அப்புறம் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினால், கருப்பன் இரண்டாவது தடவையாக ஓர் ஆளை இழக்கும். அதனால் இப்போதே அம்மா முன்னால் வரட்டும், நீங்கள் பின்னால் நில்லுங்கள். அம்மா தொட்டதில்லை என்கிறீர்கள். ஏழு வருஷமாக அதற்குச் சோறு வடித்தது யார்? தட்டை வைத்த கை மட்டும்தான் அப்பாவுடையது. தொடவே வேண்டாம். ஐந்தே முக்காலுக்கு அம்மா கொல்லைப்பக்கம் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு பொறையைத் தரையில் வைத்தால் போதும். அது கேட்டுக்குப் போகும் முன் இது நடந்துவிட வேண்டும். கேட்டில் உட்கார்ந்து முனகும்போது கொண்டுபோய்க் கொடுத்தால், அங்கே உட்கார்ந்தால் பொறை வரும் என்று கற்றுக்கொள்ளும். பொறை முடிந்ததும் சங்கிலியை மாட்டித் தெருமுனை வரை ஒரு நடை. முதலில் நீங்கள் பிடியுங்கள், அம்மா கூட நடக்கட்டும். நாலைந்து நாளில் கை மாற்றிப் பாருங்கள். பயமாக இருந்தால் பக்கத்து வீட்டுப் பையன் யாராவது பிடிக்கட்டும். அம்மா கூட வந்தால் சரி. திரும்பி வந்து கேட்டில் உட்கார்ந்தால் விட்டுவிடுங்கள், இழுத்து வராதீர்கள். மூன்று மணி நேரம் ஒரு மணி நேரமாகக் குறைய சில வாரம் ஆகும். சில நாய்களுக்கு மாதங்கள்.

அந்த டி.வி.எஸ். 50-ஐ யாராவது ஓட்டுகிறார்களா? ஓட்டினால் பகலில், கருப்பன் கண்ணெதிரே ஸ்டார்ட் செய்து, கண்ணெதிரே வந்து இறங்கச் சொல்லுங்கள். அந்தச் சத்தத்தில் வேறு ஆளும் வருவார் என்று அது பழக வேண்டும். அப்பாவின் துணிகளை என்ன செய்தாலும், துவைக்காத ஒரு துண்டை மட்டும் அது படுக்கிற இடத்தில் போட்டுவையுங்கள்.

ஊளைக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை. கூட்டத்தைப் பிரிந்த நாய், 'நான் இங்கே இருக்கிறேன்' என்று கூப்பிடுகிற குரல் அது. திட்டாதீர்கள், ஒவ்வொரு தடவையும் எழுந்து ஓடவும் வேண்டாம். ராத்திரி வாசலில் கட்டாமல், அம்மா படுக்கிற அறைக்கு வெளியே ஒரு சாக்கு விரித்துப் படுக்க விட்டுப் பாருங்கள். துணைக்கென்று இப்போதே ஒரு குட்டியைக் கொண்டுவர வேண்டாம். அம்மாவுக்கு அது இன்னொரு சுமை.

கருப்பனின் தடுப்பூசி அட்டை அப்பாவின் பீரோவில் எங்காவது இருக்கும். வெறிநோய் ஊசி போட்ட தேதியைப் பாருங்கள். ஒரு வருஷம் ஆகியிருந்தால் ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது ஊசியைப் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். அம்மாவையும் கூட அழைத்துப் போங்கள். அட்டையில் உரிமையாளர் என்ற இடத்தில் அம்மா பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.