வெப்பமானி மாட்ட வருகிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: தாராவியில் தகரக் கூரை வீட்டில் இட்லி அவித்து விற்கிறோம். வெயில் உடம்பை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய, வீட்டில் வெப்பமானி மாட்டவும் ரத்தம் எடுக்கவும் ஒரு கல்லூரியிலிருந்து கேட்கிறார்கள். எங்கள் மகளிர் குழு சம்மதிக்கலாமா?

பதில்: சம்மதிக்கலாம். ஆனால் இன்றைக்கே வேண்டாம்.

இந்த ஆய்வு கட்டாயம் தேவை. மும்பையின் வெப்பநிலை என்று செய்தியில் வருவது கொலாபாவிலும் சாந்தாகுரூஸிலும் நிழலில், காற்றோட்டமான கூண்டுக்குள் அளந்தது. விடியுமுன் இட்லிக் கொப்பரை கொதிக்கிற உங்கள் வீட்டுச் சூடு அந்தக் கணக்கில் வராது. கடலோரத்தில் 37 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடினால்தான் வானிலைத் துறை வெப்ப அலை என்கிறது. நம்மை வாட்டுவதோ புழுக்கம். வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை வழியுமே தவிர உலராது. அதனால் அந்தக் கருவி ஈரப்பதத்தையும் அளக்குமா என்று கேளுங்கள். அடுப்பருகே ஒன்று, படுக்கிற இடத்தில் ஒன்று என்று மாட்டச் சொல்லுங்கள். இரவிலும் சூடு தணியாத வீட்டில் உடம்புக்கு ஓய்வே கிடைக்காது.

என்ன கேட்க வேண்டும் என்பதை அவர்கள் மட்டும் முடிவு செய்யக் கூடாது. பொதுக் கழிப்பறையில் வரிசை, இரவில் பயம். அதற்காகத் தண்ணீரையே குறைத்துக்கொள்ளும் பெண்களை உங்களுக்குத் தெரியும். அதனால் வருகிற நீர்க்கடுப்பும் தலைசுற்றலும் தெரியும். வெளியிலிருந்து எழுதிவரும் கேள்வித்தாளில் இது விடுபட்டுப்போகும். அதை அச்சடிக்கும் முன் உங்களோடு உட்கார்ந்து பேசட்டும். உங்களோடு சேர்ந்து செய்கிற கூட்டாய்வு என்று சொல்ல அதுதான் தகுதி.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறை உங்கள் பக்கம் இருக்கிறது. ஆய்வில் சேருபவர்களுக்குத் தீங்கு வராதா என்று பார்க்கிற நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். விவரத்தாள் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், தமிழில் கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் உங்களுக்கு எந்த இழப்பும் வரக் கூடாது. எடுக்கும் ரத்தத்தில் என்ன சோதனை, எத்தனை நாள் வைத்திருப்பார்கள், முடிவு உங்கள் கைக்கு வருமா? வியாபாரம் கெடும் நேரத்துக்கு என்ன ஈடு? இத்தனையும் கேட்டு, கையெழுத்துப் போட்ட தாளின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

தாராவிக்கென்றே இன்னொன்று. குடிசைகளை அகற்றிப் புது வீடு கட்டும் மறுசீரமைப்புக்காக 2024 முதல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடந்தது. யாருக்கு வீடு, யாருக்கு இல்லை என்ற பதற்றத்தில் இருக்கிறீர்கள். உங்கள் பெயரும் வீட்டு எண்ணும் ஆய்வுக்கு வெளியே எவர் கைக்கும் போகாது என்று எழுத்தில் வாங்காமல் கதவைத் திறக்காதீர்கள். இதில் நான் பிடிவாதமாகவே சொல்கிறேன்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று தோன்றலாம். 2010 மே மாத வெயிலில் அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தது பிறகு கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதையடுத்து ஆய்வாளர்களும் மாநகராட்சியும் சேர்ந்து 2013இல் வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தார்கள். எண்ணிக்கை கையில் இருந்தால் கூரைக்கு வெள்ளையடிக்கவும் கூடுதல் கழிப்பறைக்கும் வார்டு அலுவலகத்தில் அழுத்திக் கேட்கலாம். அதனால் ஆய்வு முடிவை முதலில் உங்கள் குழுவின் முன் தமிழில் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

இதற்கிடையில் அடுப்படியில் யாராவது பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் நனைத்த துணியால் உடம்பைக் குளிர்வித்தபடியே சயான் ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோங்கள்.