சாண்ட் ஹார்பரில் கயாக் தொய்ந்து போவது
உங்கள் காற்றடைக்கும் கயாக் (துடுப்புப் படகு) தொய்வதற்குக் காரணம் ஓட்டையாக இருக்காது, தண்ணீரில் போட்ட பிறகு இன்னொரு முறை காற்றடியுங்கள், சரியாகிவிடும். வெயிலில் சூடான மணலில் வைத்துக் கல் மாதிரி இறுகக் காற்றடித்தேன், இறக்கிய அரை மணி நேரத்தில் தொய்ந்துவிட்டது என்கிறீர்கள். சாண்ட் ஹார்பர் இருக்கும் அமெரிக்காவின் டாஹோ ஏரி ஜூலையிலும் சில்லென்றுதான் இருக்கும் (501 மீட்டர் ஆழம், சும்மாவா!), குளிர்ந்ததும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி அழுத்தம் குறைகிறது.

எதற்கும் ஒரு சோதனை. கரையோரமாகப் பத்து நிமிடம் மிதக்கவிட்டு மறுபடி அடியுங்கள். அப்புறமும் தொய்ந்தால் வால்வைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி வந்தால் கசிவு.

ஆனால் கரையேறியதும் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள், வெயிலில் விரிந்து தையல் பிரிந்துவிடும். மதியத்துக்கு மேல் அங்கே காற்று கிளம்பும், அதற்குள் திரும்பிவிடுவது நல்லது.