பையும் தட்டும் வாங்கப் போகிறவர்களுக்கு

கே: பத்தாங் பெர்ஜுந்தை (இப்போது பெஸ்தாரி ஜெயா) கடையில் பிளாஸ்டிக் பைக்கு 20 சென் கேட்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா?

ப: ஆம். சிலாங்கூர் மாநிலத்தில் 2017 முதல் இதுதான் நடைமுறை. மோட்டார் சீட்டுக்கு அடியில் ஒரு பையை மடித்து வையுங்கள்.

கே: கோயில் திருவிழாவுக்கு ‘மக்கும் பை’ என்று இணையத்தில் வாங்கினோம். மிஞ்சியதை எருக்குழியில் போட்டோம். சில மாதத்தில் செதில் செதிலாக உடைந்தது, மக்கவில்லை. விற்றவர் பணம் தர மறுக்கிறார். பையில் ‘ஆக்சோ’ என்று இருக்கிறது.

ப: உங்களை ஏமாற்றிவிட்டார்கள். எத்தனை முறை எழுதினாலும் எனக்கு இந்தக் கோபம் ஆறுவதில்லை. ‘ஆக்சோ’ பை என்பது சாதாரண பிளாஸ்டிக்தான். வெயில் பட்டால் சீக்கிரம் நொறுங்கும்படி அதில் உலோக உப்பைக் கலக்கிறார்கள். நொறுங்கிய செதில் மண்ணில் கிடக்கும், மழை வந்தால் சிலாங்கூர் ஆற்றுக்குப் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் இதைத் தடை செய்துவிட்டது. சோளமாவில் செய்ததாக விற்கும் தட்டுகள் வேறு ரகம். ஆனால் அவற்றிலும் பல, 50 பாகைக்கு மேல் சூடு நிற்கும் உரக்கூடத்தில்தான் ஒழுங்காக மக்கும். நம் எருக்குழிக்கு அந்தச் சூடு ஏது?

விளம்பரத்தைப் படம் பிடித்து வையுங்கள். ரசீதையும் அந்தச் செதிலையும் தூக்கிப் போடாதீர்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி வழக்குப் பதியலாம், வக்கீல் தேவையில்லை. பொய் விளம்பரம் பற்றி உள்நாட்டு வாணிப அமைச்சிலும் புகார் கொடுங்கள். அடுத்த திருவிழாவுக்கு வாழையிலை வெட்டுங்கள், தோட்டத்தில் அதற்கா பஞ்சம்?

கே: வீட்டில் முப்பது துணிப்பைகள் சேர்ந்துவிட்டன. கடைக்குப் போகும்போது மறந்துபோய்ப் புதிதாக வாங்குகிறேன். எது நீடித்து உழைக்கும்?

ப: எதுவுமே வாங்காதீர்கள். துணிப்பைக்கும் பருத்தியும் தண்ணீரும் ஏராளமாகச் செலவாகின்றன, பல வருடம் உழைத்தால்தான் அதற்கு அர்த்தம். இரண்டை வாசற்கதவில் மாட்டுங்கள், மற்றதை அக்கம்பக்கத்தில் கொடுங்கள்.

கே: கடையில் சாப்பாடு கட்டி வாங்க எந்த அடுக்குச்சட்டி நல்லது?

ப: சில்வர்தான். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் நான் வாங்கியதில், வாங்கிய மாதமே கொக்கி கழன்று மீன்கறி காரெல்லாம் கொட்டியது. விற்றவர் ரசீதும் தரவில்லை, மறுவாரம் ஆளையும் காணவில்லை. அதனால் கடையிலேயே தண்ணீர் ஊற்றி, கொக்கியைப் பூட்டிச் சாய்த்துப் பாருங்கள். விளிம்பில் விரலை ஓட்டுங்கள், கீறினால் வேண்டாம். அப்புறம், அம்மா வீட்டுப் பரணில் பழையது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.